குழந்தைகளோட கப்பல் டூர் போறீங்களா? எந்த கேபின் எடுத்தா காசுக்கு ஏத்த மாதிரி இருக்கும்?

"சிங்கப்பூரிலிருந்து 3 இரவு சொகுசுக் கப்பல், ஒரு நபருக்கு 30,000 ரூபாய் மட்டுமே!" இப்படி ஒரு விளம்பரம் வந்ததும் நாம என்ன பண்ணுவோம்? நாலு பேர், 1,20,000 ரூபாய், ஃபிளைட் தனி, மே மாச லீவுல போயிட்டு வந்துடலாம்னு மனசுக்குள்ளயே டிக்கெட் போட்டுடுவோம்.

அந்தக் கணக்கு ரெண்டு பக்கமும் தப்பு. ஒரு பக்கம் நீங்க அதிகமா போட்டிருக்கீங்க, இன்னொரு பக்கம் குறைச்சலா போட்டிருக்கீங்க.

கப்பல் கம்பெனிகள் விலை சொல்லும்போது, ஒரு கேபினில் ரெண்டு பேர் தங்குவதாக வைத்து ஒரு ஆளுக்கான விலையைத்தான் சொல்வாங்க. அதே கேபினில் மூணாவது, நாலாவது ஆளா ஏறுறவங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் குறைவு. சில சமயம் "குழந்தைகளுக்கு இலவசம்" என்றுகூட சலுகை வரும். ஆனா துறைமுகக் கட்டணமும் வரிகளும் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வரும். அந்த இலவசக் குழந்தைக்கும் சேர்த்துத்தான். அதுக்கு மேல, பெரும்பாலான கப்பல்களில் ஊழியர்களுக்கான டிப்ஸ், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பில்லில் தானாகவே ஏறிடும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். அப்பா, அம்மா, 11 வயசுப் பொண்ணு, 4 வயசுப் பையன். 3 இரவு. (இந்த எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்க புக் பண்ற அன்னிக்கு வர்ற விலையைப் போட்டுப் பாருங்க.)

முதல் வழி: நாலு பேருக்கும் ஒரே உள் கேபின், அதாவது ஜன்னல் இல்லாத அறை. பெரியவங்க ரெண்டு பேருக்கு 30,000 வீதம், பிள்ளைகளுக்கு 15,000 வீதம், ஆக 90,000.

இரண்டாவது வழி: நாலு பேருக்கும் ஒரே பால்கனி கேபின். 45,000 வீதம் ரெண்டு, 20,000 வீதம் ரெண்டு, ஆக 1,30,000.

மூணாவது வழி: ரெண்டு உள் கேபின், நடுவுல கதவோட. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேர்தான் என்பதால் மூணாவது ஆள் சலுகை கிடையாது. 30,000 வீதம் நாலு, ஆக 1,20,000.

மூணுக்கும் பொதுவா துறைமுகக் கட்டணம், வரி தலைக்கு 6,000 என்றால் 24,000. டிப்ஸ் ஒரு நாளைக்கு 1,500 என்றால் 18,000. மொத்தம் முறையே 1,32,000, 1,72,000, 1,62,000.

இப்ப ஒண்ணு கவனிச்சீங்களா? ரெண்டு தனி அறை, ரெண்டு பாத்ரூம், அதுவும் ஒரு பால்கனி அறையைவிடக் குறைவான விலையில. எல்லாக் கப்பலிலும் எல்லாத் தேதியிலும் இப்படி வராது. ஆனா பல ஏஜென்ட்டுகள் இந்த மூணாவது வழியை நீங்க கேக்காம காட்டவே மாட்டாங்க. கேளுங்க.

அறை எவ்வளவு பெருசு?

சாதாரண உள் கேபின் சுமார் 150 சதுர அடி. நம்ம ஊர் ஃபிளாட்ல 10-க்கு 15 பெட்ரூம் இருக்குமே, அதுக்குள்ளயே பாத்ரூம், அலமாரி, நாலு பேர், நாலு பெட்டி. ரெண்டு கட்டில் தரையில இருக்கும், சேர்த்துப் போட்டா டபுள் காட். மத்த ரெண்டு பேருக்கு சோபாவை விரிச்ச படுக்கையோ, சுவத்திலிருந்தோ கூரையிலிருந்தோ மடக்கி இறக்குற மேல் படுக்கையோ தருவாங்க. ரயில் அப்பர் பெர்த் மாதிரிதான். 11 வயசுப் பொண்ணு குஷியா ஏறிடுவா. 4 வயசுப் பையனை அங்க படுக்க வைக்க முடியாது, அவன் கீழ அம்மாகூடத்தான். அப்ப அப்பா மேல! அதனால "நாலு பேர் தங்கலாம்" என்று சொன்னா மட்டும் போதாது. எந்தெந்த மாதிரிப் படுக்கை, மேல ரெண்டா, சோபா இருக்கா என்று கேட்டு மெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க.

கைக்குழந்தை இருந்தா இன்னொரு விஷயம். கப்பலில் பச்சைக் குழந்தையும் ஒரு ஆள்தான். லைஃப் போட் கணக்கு அப்படி. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளை, ஒரு கைக்குழந்தை என்றால் ஐந்து பேர்; நாலு பேர் கேபினில் "மடியில வெச்சுக்கிறோம்" என்று ஃபிளைட் மாதிரி சமாளிக்க முடியாது. பல கம்பெனிகளில் குறைந்தபட்சம் 6 மாதம் ஆகியிருக்கணும், நீண்ட கடல் பயணங்களுக்கு 12 மாதம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. தொட்டில் பொதுவா இலவசம்தான், ஆனா முன்கூட்டியே சொல்லணும். அதை விரிச்சா தரையில நடக்க இடம் இருக்காது.

நாலு பேர் தங்குற கேபின்கள் எந்தக் கப்பலிலும் குறைவு. அதனால லீவு சீசனில் முதல்ல தீர்றதும் அதுதான். கடைசி நேரத்துல விலை இறங்கும்னு காத்திருக்கிற வித்தை ஜோடியா போறவங்களுக்கு சரி. குடும்பத்துக்கு வேண்டாம்.

"பக்கத்து அறை" வேற, "கதவு உள்ள அறை" வேற

கனெக்டிங் கேபின் என்றால் ரெண்டு அறைக்கும் நடுவுல உள்ளேயே கதவு இருக்கும். பக்கத்துப் பக்கத்து அறை என்றால் வராந்தா வழியாத்தான் போகணும். புக்கிங்ல ரெண்டையும் குழப்பிடுவாங்க. கப்பலின் டெக் பிளானில் கனெக்டிங் அறைகளுக்கு நடுவுல ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அறை எண்ணை வாங்கி நீங்களே பாருங்க.

ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்கணும் என்பது பல கம்பெனிகளின் விதி. அதனால பேப்பர்ல அப்பா-பையன் ஒரு அறை, அம்மா-பொண்ணு ஒரு அறை என்று போட்டுட்டு, உள்ள போய் இஷ்டம்போல படுத்துக்கறாங்க. ஆபத்து நேரத்துல எங்க கூடணும் என்பது கேபினை வைத்துத்தான் முடிவாகுது. ரெண்டு கேபினுக்கும் ஒரே இடம்தானா என்று கட்டாயம் கேளுங்க.

தாத்தா பாட்டியும் வர்றாங்கன்னா என் ஓட்டு கண்ணை மூடிட்டு கனெக்டிங்குக்குத்தான். காலையில எட்டு மணிக்குக் கிளம்பணும், ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம் என்று யோசிச்சுப் பாருங்க.

பால்கனிக்குக் கூடுதலா 40,000 தகுமா?

3 இரவுக்கு 40,000 என்றால் ஒரு இரவுக்கு 13,000-க்கு மேல. பகல் முழுக்க நீச்சல் குளம், சாப்பாடு, ஷோ என்று வெளியேதான் இருப்பீங்க. கடல் பார்க்க மேல்தளம் எல்லோருக்கும் பொது. என்னைக் கேட்டா 3 இரவுக்குத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தை ராத்திரி எட்டு மணிக்கே தூங்கிடும்னா, உள் கேபினில் நீங்களும் விளக்கை அணைச்சுட்டு இருட்டுல உக்காந்திருக்கணும். பால்கனி இருந்தா கதவைச் சாத்திட்டு வெளிய உக்காந்து பேசலாம். 5, 6 இரவு போறீங்கன்னா அது உண்மையிலேயே மதிப்புள்ள விஷயம். அதே சமயம், பகல் தூக்கத்துக்கு உள் கேபின் இருட்டு அருமை.

பாதுகாப்பும் பாருங்க. அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டப்படி தடுப்புக் கம்பி 42 அங்குலம் இருக்கணும். ஆனா ஆபத்து அங்க போட்டிருக்கிற நாற்காலிதான், குழந்தை ஏறிடும். நாற்காலியை உள்ள இழுத்துப் போட்டுட்டு, கதவோட மேல் தாழ்ப்பாளைப் போடுங்க. துறுதுறுன்னு இருக்கிற பிள்ளைன்னா பால்கனியே வேண்டாம்.

சென்னையிலிருந்து போன கார்டீலியாவின் எம்ப்ரஸ் 1990-ல் ஓட ஆரம்பிச்ச கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனியே குறைவு, அறையும் சின்னது. ஜன்னல் வெச்ச கேபின் அங்க நடுவழி. ஆனா "மறைக்கப்பட்ட காட்சி" என்று சின்ன எழுத்தில் இருந்தா, ஜன்னலுக்கு எதிர்ல லைஃப் போட் தொங்கும்.

எந்த இடத்துல அறை?

வாந்தி வர்ற குழந்தைன்னா கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். ஆட்டம் அங்கதான் குறைவு. மேலயும் கீழயும் கேபின்களே இருக்கிற தளமா பாருங்க. நீச்சல் குளத்துக்கு நேர் கீழ எடுத்தா விடியற்காலையில நாற்காலி இழுக்கிற சத்தம், டான்ஸ் கிளப்புக்கு மேல எடுத்தா நடுராத்திரி தம் தம்.

"கேரண்டி கேபின்" என்று ஒண்ணு விலை குறைவா வரும். வகை மட்டும் உறுதி, அறை எண்ணை அவங்க இஷ்டத்துக்குத் தருவாங்க. ஒரே அறைன்னா எடுக்கலாம். ரெண்டு அறை எடுக்கிறவங்க தொடாதீங்க, நீங்க நாலாவது மாடி, பிள்ளைங்க பத்தாவது மாடின்னு வந்து நிக்கும்.

பணம் கட்டும்போது: இந்தியாவில் ஏஜென்ட் மூலமா வெளிநாட்டு பேக்கேஜா எடுத்தா ஜிஎஸ்டியோட டிசிஎஸ்ஸும் பிடிப்பாங்க. டிசிஎஸ் உங்க பேன் எண்ணில் வரவாகும், வருமான வரி ரிட்டர்னில் கழிச்சுக்கலாம், ஆனா அதுவரை அந்தப் பணம் கையில இருக்காது. கம்பெனி சைட்லயே டாலர்ல கட்டினா கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. கப்பலுக்குள்ள வாங்குற ஜூஸ், வைஃபைக்கும் இதேதான்.

அறை எண் கைக்கு வந்த அன்னிக்கே டெக் பிளானைத் திறந்து மேல கீழ என்ன இருக்குன்னு பாருங்க. மாத்தணும்னா மீதிப் பணம் கட்டுற கடைசித் தேதிக்கு முன்னாடி கேளுங்க. அந்தத் தேதி தாண்டினா ரத்துக் கட்டணம் ஏற ஆரம்பிச்சுடும்.