உங்களுக்குத் தெரியுமா? வேனின் வெள்ளைப் புகையும் ரேடியேட்டரில் குறையும் தண்ணீரும்

பெரகலச் சந்தியில் வீதி இரண்டாகப் பிரிகிறது. ஏ4 கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்க, ஏ16 அப்புத்தளைக்கு ஏறுகிறது. வெல்லவாயவிலிருந்து அப்புத்தளை போய்ச்சேர ஒரு வண்டி ஆயிரம் மீற்றருக்கும் மேல் ஏறவேண்டும். ஆள் நிறைந்த பழைய டொல்பின், லைட் ஏஸ் வேன்கள் இரண்டாம் கியரில் முனகும் இந்த ஏற்றத்தில்தான் ரேடியேட்டரின் உண்மை நிலை தெரியவரும்.

ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது! பனிக்காலையில் சைலன்சரிலிருந்து மெல்லிய வெண்ணிறம் கிளம்புவது அந்த நீராவிதான். எஞ்சின் சூடானதும் மறைந்தால் பயமில்லை. சூடேறிய பிறகும் அடர்த்தியாக வந்து, தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்தால்தான் கவனிக்கவேண்டும்.

புகையின் மணமே பாதி விடை சொல்லும். இனிப்பு வாடை என்றால் கூலன்ட் எரிகிறது. கண்ணை எரிக்கும் டீசல் நெடி என்றால் எரியாத டீசல் வெளியேறுகிறது. அப்போது ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர், பம்ப் டைமிங், கம்ப்ரெஷன் ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளைப் புகை என்றதும் ஹெட்டைக் கழற்றச் சொல்வது அவசரம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் பிழைக்கும் ஒருவருக்கு அந்தச் செலவு சிறியதல்ல.

“இந்த நாட்டுக்குத் தேவையில்லை” என்று சிலர் தர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுகிறார்கள். அப்புத்தளைக் குளிரில் அது பெருந்தவறு. எஞ்சின் உரிய சூட்டுக்கு வருவதே தாமதமாகும். அதுவரை டீசல் சரியாக எரியாமல் வெண்புகை தொடரும்.

அப்புத்தளை உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதிக்கும். 0.9 பார் அழுத்தத்துக்கான நல்ல ரேடியேட்டர் மூடி, பிரஷர் குக்கர் போல, அந்தக் கொதிநிலையை 115 பாகைக்கு மேலே தள்ளுகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது, ஏற்றத்திலேயே தண்ணீர் பொங்கி வெளியேறும். எதையும் கழற்றுமுன் மாற்றிப் பார்க்கவேண்டியது இந்த மலிவான மூடியைத்தான். சூட்டோடு மட்டும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும்.

அடுத்து வெளிக்கசிவு. வாட்டர் பம்புக்கு அடியில் சிறு துளை ஒன்றிருக்கும். அங்கே ஈரமோ காய்ந்த கறையோ தெரிந்தால் பம்பின் சீல் போய்விட்டது. ஜப்பானிலிருந்து பின்சீட் ஹீட்டரோடு வந்த வேன்களில் தரைக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஒழுகும். இதைப் பலர் பார்ப்பதேயில்லை. முன்சீட்டுக் கால்மிதி நனைந்திருந்தால் முன் ஹீட்டரையும் சந்தேகியுங்கள்.

வெளியே எங்கும் ஈரமில்லையா? எஞ்சின் ஆறிய பின் மூடியைத் திறந்து, வாய்வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நிற்காமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது. மூடியைப் போட்டு ஆறிய எஞ்சினை ஓடவிட்டதும், சூடேறுமுன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் அதே அடையாளம். சில கராஜ்களில் நீலத் திரவச் சோதனை உண்டு: கரியமிலவாயு பட்டால் பெட்ரோல் எஞ்சினில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறும்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் அழுத்தம் உடனே இறங்காது. ஹெட் கேஸ்கட்டில் வழி இருந்தால் இரவில் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் குபீரென்ற வெண்புகை, ஒரு சிலிண்டர் வேலை செய்யாத உதறல், இரண்டும் அதனால்தான். ஸ்டார்ட்டர் ‘டக்’கென்று நின்றுவிட்டால் மறுபடி அடிக்கவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

ஒயில் மூடியின் உட்புறம் பால்நிறப் பசை கண்டு கலங்குபவர்கள் உண்டு. குளிரில் சிறுதூரம் மட்டும் ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அது படியும். டிப்ஸ்டிக்கிலும் பால்நிறம் என்றால் வண்டியை ஓட்டாதீர்கள்.

தண்ணீர் முழுதும் போய்விட்டால் ஹீட் மீற்றர் முள் கீழே இறங்கக்கூடும்! சென்சரைத் தொடத் தண்ணீரில்லாமல் அது காற்றில் நிற்பதால் இப்படி நடக்கும். ஏறிய முள் திடீரென விழுந்தால் உடனே ஓரங்கட்டுங்கள்.

அப்படி நிறுத்தியவுடன் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது மலைநாட்டு வழக்கம். கொதிக்கும் ஹெட் அந்தக் குளிரில் வெடிக்கும். லைட் ஏஸில் வரும் 2சி எஞ்சினின் ஹெட் வெடிப்புக்குப் பேர்போனது. வெடித்த ஹெட்டுக்குப் புதுக் கேஸ்கட் போட்டால் சில வாரங்களில் பழைய கதைதான். லேத்தில் மட்டம் தட்டுமுன் ஹெட்டை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வால்வுகளுக்கிடையே உள்ள மயிரிழை வெடிப்பும் அதில் தெரியும்.

கூலன்ட் பனி உறையும் நாடுகளுக்கு மட்டுமானதல்ல. துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது இங்கும் தேவை. ஆனால் அதிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. குழந்தையோ நாயோ சிறிது குடித்தாலும் சிறுநீரகம் கெடும், உயிரும் போகலாம். வடித்த கூலன்டை சோடாப் போத்தலில் ஊற்றி லயத்து வாசலில் வைக்கவே வேண்டாம்.