வக்கீலும் டாக்டரும் ரீல்ஸ் போட்டு பிராண்ட் ஆகலாமா? விதி என்ன சொல்லுது?

பண்ருட்டியில் முந்திரி விற்பவர் 'எங்ககிட்ட வாங்குங்க' என்று இன்ஸ்டாகிராமில் தினமும் ரீல்ஸ் போடலாம். அதையே கடலூர் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்யும் ஜூனியர் வக்கீல் செய்தால், வக்கீல் பதிவுக்கே சிக்கல் வரலாம். சிதம்பரத்தில் புதுசா கிளினிக் திறக்கும் டாக்டருக்கும் கட்டுப்பாடு இருக்கு. 'பெர்சனல் பிராண்ட்' பற்றி அட்வைஸ் சொல்லும் பலர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

வக்கீலுக்கு என்ன தடை?

இந்திய பார் கவுன்சிலின் விதி 36-ன்படி நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து கேஸ் பிடிக்கக் கூடாது. தான் ஆஜரான வழக்கு தொடர்பாக பத்திரிகையில் படம் வரவைப்பதும் தப்பு. வாசலில் மாட்டும் போர்டில்கூட 'இந்த வகை கேஸில் ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுத முடியாது.

2008-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். இணையதளத்தில் பெயர், முகவரி, போன் நம்பர், பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் பிராக்டீஸ் என்ற விவரங்களைப் போடலாம். அவ்வளவுதான்.

ஜூலை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் வக்கீல் தொழிலில் இந்த 'பிராண்டிங்' கலாசாரத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஆன்லைனில் கேஸ் தேடுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. தப்பு நிரூபணமானால் கண்டிப்பு, சஸ்பெண்ட், பதிவு நீக்கம் வரை போகலாம்.

அதற்கு முந்தைய மாதம் இதே உயர் நீதிமன்றம்தான், ஜூனியர்களுக்கு சீனியர்கள் மாதம் குறைந்தது 15,000 ரூபாய் உதவித்தொகை தரணும் என்று சொன்னது. சென்னை, மதுரை, கோவைக்கு 20,000. கடலூர் போன்ற மற்ற மாவட்டங்களுக்கு 15,000. வருமானம் இந்த அளவில் இருக்கும்போது ரீல்ஸ் பக்கம் மனசு போவதில் ஆச்சரியம் இல்லை.

டாக்டருக்கு?

இப்போதும் 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகள்தான். ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே எழுதியது! கிளினிக் தொடங்கினால், முகவரி மாறினால், லீவில் போனால் பத்திரிகையில் அறிவிக்கலாம். நோயாளியை வரவழைக்க விளம்பரம் கூடாது. அடையாளம் தெரியும்படி நோயாளி படத்தை அனுமதியில்லாமல் வெளியிடுவதும் ஒழுங்கீனம்.

லைக், ஃபாலோயர்களைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பது உட்பட சோஷியல் மீடியாவுக்கென்றே ஆகஸ்ட் 2023-ல் புது விதிகள் வந்தன. அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன.

அப்போ எதைப் போடலாம்?

செக் பவுன்ஸ் ஆனால், பேங்க் தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பணும் என்று ஒரு வக்கீல் விளக்கினால் அது தகவல். கடைசியில் 'உங்க கேஸை ஜெயிச்சுத் தர்றேன், கால் பண்ணுங்க' என்று சேர்த்தால் அது ஆள் பிடிப்பது. பல ரீல்ஸ் சறுக்குவது அந்தக் கடைசி 5 செகண்டில்தான்.

அப்படி ஒரு ரீல்ஸை நம்பி ஏமாந்தவர்கள் வக்கீல் மீது தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலிலும், டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும் புகார் தரலாம். புகார் தருவதற்கு முன் வீடியோவையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.