விறுவிறுப்பு எதிர் வரிசையில் இருக்கிறது

புத்தகக் கண்காட்சியில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, “நல்ல த்ரில்லர் ஏதாவது இருக்கா?” கேட்டவரைக் கடைக்காரர் ஒரு வரிசைக்கு அனுப்புவார். “இலக்கியம்” என்று கேட்டு வருபவருக்கு எதிர் வரிசை. முன்னவர் பளபளக்கும் அட்டைகளை அள்ளிக்கொண்டு போவார். பின்னவர் முன்னுரையைப் புரட்டியபடி நிற்பார். ஒருவர் வரிசையை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. இதில் நஷ்டம் முன்னவருக்குத்தான். தமிழின் அருமையான துரத்தல் கதையும் போர்க் கதையும் விளையாட்டுக் கதையும் எதிர் வரிசையில், ‘கஷ்டமான புத்தகம்’ என்ற வீண்பழியைச் சுமந்துகொண்டு கிடக்கின்றன.

பூமணியின் ‘வெக்கை’ அதற்கு முதல் சாட்சி. 1982-ல் வந்த நாவல். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் துண்டாக்க நினைத்து அரிவாளை வீசுகிறான், ஆளே போய்விடுகிறான். கொலையில்தான் கதை தொடங்குகிறது. யார் கொன்றது, ஏன் கொன்றது என்ற புதிரெல்லாம் சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு என்ன மிச்சம்? அப்பாவும் மகனும் கரிசல் காட்டிலும் மலையடிவாரத்திலும் ஒளிந்து திரியும் சில நாட்கள். பின்னால் போலீஸ். பையனை அப்பா ஒரு வார்த்தை திட்டுவதில்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சுட்டுத் தின்னலாம், எந்த இடத்தில் படுத்தால் ஆள் கண்ணில் படாது என்பதுதான் பேச்சு. ஊரில் இருந்தபோது நெருங்காத இருவர் காட்டில்தான் நெருங்குகிறார்கள்.

வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) பார்த்தவர்கள் கதை தெரிந்ததுதானே என்று புத்தகத்தை ஒதுக்கிவிடுவதுண்டு. ஒதுக்க வேண்டாம். படத்தின் பெரிய சண்டைகளை நாவலில் தேடினால் ஏமாற்றம்தான். நாவலின் பதற்றம் வேறு ரகம். இலை சலசலத்தால் கூடப் படிப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு வழக்கு முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான்.

விளையாட்டு நாவல் என்ற வகையே தமிழில் இல்லை என்பார்கள். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இருக்கிறது, 1959-ல் வெளிவந்தது. நூறு பக்கத்தைத் தொடாத கதை, ஒரே பிற்பகலில் நடந்து முடிகிறது. ஜமீன்தாரின் காரிக் காளை குத்தி அப்பாவை இழந்த பிச்சி, அதே காளையை அணைய வந்து வாடியில் நிற்கிறான். கூடவே மச்சான் மருதன். பக்கத்தில் பழைய காலத்து ஆட்டங்களைப் பேசிக்கொண்டே எல்லாவற்றையும் அளந்து பார்க்கும் ஒரு கிழவன். கிரிக்கெட் வர்ணனையைக் காதில் வைத்துக்கொண்டு வளர்ந்த எவருக்கும் அந்தக் கிழவனைப் பிடித்துப்போகும். ஜல்லிக்கட்டு சரியா தவறா என்ற வாதத்துக்குச் செல்லப்பா போகவே இல்லை. மனிதன் அதை விளையாட்டாக நினைக்கலாம், காளை அப்படி நினைக்காது என்ற ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகிறார்.

காதல் கதை கேட்பவர்களுக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964). குமரி மாவட்டத்துப் பனைவிளை என்ற ஊர், பழம்பெருமை மட்டும் மிஞ்சிய ஒரு கிறிஸ்தவக் குடும்பம், வயது வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். இருவரும் பேசிக்கொள்ளும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அந்த வீட்டின் அடைபட்ட கதவுகளுக்குப் பின்னால் ஒரு பெண் பல ஆண்டுகள் காத்திருப்பது, பக்கம் பக்கமாக வசனம் பேசும் காதல்களைவிட அழுத்தமாகப் பதிகிறது.

சரித்திர நாவல் பிரியர்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. கல்கியில் தொடங்கி சாண்டில்யனில் குதிரையேறியவர்கள் ஏராளம். அவர்கள் அடுத்து எடுக்க வேண்டியது சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’. 2008-ல் வெளியாகி, 2011-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் நீளும் புத்தகத்தில் அரசர்கள் வருகிறார்கள், போகிறார்கள். நிலைத்து நிற்பது மதுரையும், இரவில் அதைக் காவல் காக்கும் தாதனூர்க்காரர்களும். கன்னக்கோலும் அவர்கள் கையில், காவல் கம்பும் அவர்கள் கையில். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டை இடிபடும் பகுதி தனி நாவலுக்குச் சமம். கோட்டை இருந்த இடம் வெளி வீதிகளாயிற்று. அந்த வேலையில் ஈடுபட்டவர்கள் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் இருக்கின்றன. தினமும் அந்த வழியே பஸ்ஸில் போகிற மதுரைக்காரர் இதைப் படித்தபின் ஜன்னல் பக்கம் இடம் தேடுவார். வசந்தபாலனின் ‘அரவான்’ இதன் ஒரு துண்டிலிருந்து பிறந்த படம். ஒரு குறை சொல்லத்தான் வேண்டும்: நடுவில் சில நூறு பக்கங்கள் ஆவணங்களின் எடையில் தள்ளாடுகின்றன. தாண்டிப் போகலாம், குற்றமில்லை.

அறிவியல் புனைகதை என்றதும் சுஜாதா. ‘என் இனிய இயந்திரா’ 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அவர் எதிர்காலமாகக் கற்பனை செய்த காலத்தை நாம் இப்போதுதான் கடந்து வந்திருக்கிறோம். கதையில் நாட்டை ஆள்பவர் ஜீவா. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். பெயர் இரண்டு எழுத்தைத் தாண்டக்கூடாது. அதனால்தான் நிலா, சிபி, ரவி. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி புத்தகம் படிக்கிறது, மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கிறது. தொழில்நுட்ப விவரங்களில் சில இன்று சிரிப்பை வரவழைக்கும். ஆட்சி பற்றிய விவரங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

இதைப் படித்த கையோடு பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’யை (2016) எடுத்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ஒன்று எதிர்கால நகரம், மற்றது மானாவாரிக் காடு. ஒன்றில் இயந்திர நாய், மற்றதில் கறுப்பு ஆட்டுக்குட்டி. இரண்டிலும் பிறப்புக்குக் கணக்குக் கேட்கிறது அரசாங்கம். பூனாச்சியின் உலகத்தில் குட்டிகளை அதிகாரிகளிடம் காட்டிப் பதிந்து, காது குத்தி அடையாளம் வாங்க வேண்டும். வரிசையில் நிற்கும் கிழவனும் கிழவியும் வாயைத் திறந்து முணுமுணுக்கவும் பயப்படுகிறார்கள். தன் ‘மாதொருபாகன்’ நாவல் கிளப்பிய சர்ச்சையால் 2015 ஜனவரியில் எழுத்தைத் துறப்பதாக அறிவித்தவர் பெருமாள்முருகன். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தபின் வெளியான முதல் நாவல் இது என்பது தெரிந்தால், மனிதர்களை விட்டுவிட்டு ஏன் ஆட்டைப் பற்றி எழுதினார் என்பதும் விளங்கும்.

வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு ஓடவில்லையென்றால் ஒரு வழி உண்டு. ‘வாடிவாசல்’, ‘வெக்கை’, ‘பூனாச்சி’ மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஒருவரே, என். கல்யாண் ராமன்.

கடைசியாக, போர்க் கதை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்கம்புணரிக்காரரான சிங்காரம் இளம் வயதிலேயே கப்பலேறி இந்தோனேசியாவின் மெடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் அங்கேயே இருந்து கண்டார். நாவல் ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழையும் நாளில் தொடங்குகிறது. வட்டிக்கடைகளின் பெட்டியடிப் பையன்களும் அடுத்தாட்களும் கணக்குப் பேரேட்டோடு வாழ்ந்த உலகம் கலைந்துபோக, பாண்டியன் என்ற இளைஞன் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போகிறான். உளவு, கொலை, கடல் பயணம், கெரில்லாச் சண்டை என்று ஹாலிவுட் கேட்கும் சரக்கெல்லாம் இருக்கிறது. ஆனால் துப்பாக்கிக்கு நடுவே பாண்டியன் நினைப்பது மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும். நண்பர்கள் குடித்துவிட்டுத் தமிழர் பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் பக்கங்களுக்கு இணையான கிண்டல் தமிழில் குறைவு. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர் இதை வாங்கட்டும்.

சிங்காரம் எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கழித்து, 1972-ல்தான் அது அச்சேறியது. மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர், தனியாக வாழ்ந்து 1997-ல் காலமானார். ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரண்டோடு சரி. மூன்றாவது நாவல் எழுதவில்லை.