பூகம்பம் கடலோரத்தில், பேரழிவு தலைநகரில்!
ஏரியின் மேல் கட்டிய நகரத்தின் கதை

1985-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி. காலை மணி 7.17.

மெக்சிகோ நாட்டின் மேற்குக் கடலோரத்தில் பூமிக்கு அடியில் பாறை உடைந்து நகர்ந்தது. பெரிய பூகம்பம்! அளவு சுமார் 8.

தலைநகரான மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே மக்கள் வழக்கம் போல வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

7.19-க்கு அந்த நகரமும் ஆடத் தொடங்கியது. மாடிக் கட்டடங்கள் மடமடவென்று சரிந்தன. 400-க்கு மேற்பட்ட கட்டடங்கள் தரைமட்டமாயின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓர் ஆஸ்பத்திரியின் இடிபாட்டுக்குள் சிக்கிய பச்சிளங்குழந்தைகள் சிலர், பல நாட்கள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார்கள்!

கடலோரத்திலும் சேதம் உண்டு. ஆனால் தலைநகரில் நேர்ந்த நாசம் அதைவிடப் பல மடங்கு அதிகம். அருகில் இருந்த ஊர் தப்ப, தொலைவில் இருந்த நகரம் வீழ்ந்தது ஏன்?

இரண்டு அலைகள்

குளத்தில் கல்லை எறிந்தால் அலை பரவுகிறது அல்லவா? பாறை உடையும்போதும் அப்படித்தான். பூமிக்குள் நாலா பக்கமும் அலைகள் ஓடுகின்றன.

முதலில் வருவது தள்ளும் அலை. ரெயில் என்ஜின் ஒரு பெட்டியை முட்டினால், அந்த இடி ஒவ்வொரு பெட்டியாகக் கடைசிப் பெட்டி வரை போகும். இந்த அலையும் அதைப் போலவே போகிறது. நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகம்! ஆனால் இது செய்யும் சேதம் குறைவு.

அடுத்து வருவது உலுக்கும் அலை. கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து உதறினால் கயிறு நெளியும். அதைப் போல இது நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டும். வேகம் முதல் அலையில் பாதிக்குச் சற்று அதிகம். இதற்கும் பின்னால், நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி மெதுவான அலைகள் வரும். வீடுகளை இடிப்பவை பின்னால் வரும் இந்த அலைகள்தான்.

தூரம் போகப் போக அலையின் வலு குறையும். மெக்சிகோ நகரத்தை அடைந்தபோதும் வலு குறைந்துதான் இருந்தது. அப்புறம் என்ன ஆயிற்று?

காலடியில் சேறு

அந்த நகரம் ஒரு காலத்தில் ஏரி! ஏரியின் நடுவே இருந்த தீவில் ஆஸ்டெக் மக்கள் தங்கள் தலைநகரைக் கட்டினார்கள். 1521-ல் ஸ்பெயின் நாட்டார் அதைப் பிடித்தார்கள். பிறகு ஏரியை வடித்து, அதன் மேல் நகரத்தைப் பெருக்கினார்கள். அடியில் இருந்த சேறு அப்படியே தங்கிவிட்டது.

தட்டில் வைத்த அல்வாவை அசைத்துப் பாருங்கள். தட்டு கொஞ்சம்தான் ஆடும், அல்வா குலுங்கும்! நகரத்தின் தெற்கே, எரிமலைப் பாறையின் மேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஆட்டம் குறைவு. ஏரிச் சேற்றின் மேலோ ஏறக்குறைய 5 மடங்கு!

அதிலும் ஒரு விசித்திரம். சேறு 2 நொடிக்கு ஒரு முறை என்று ஆடியது. ஊஞ்சல் போகும் போக்கிலேயே தள்ளினால் அது மேலும் மேலும் உயரும் அல்லவா? ஏறக்குறைய 6 முதல் 15 மாடி வரை உள்ள கட்டடங்களின் இயல்பான ஆட்டமும் இந்தத் தாளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே அவையே அதிகம் விழுந்தன. குட்டையான வீடுகள் பெரும்பாலும் தப்பின. 1956-ல் கட்டி முடித்த 44 மாடிக் கோபுரமும் விழாமல் நின்றது! சேற்றைத் தாண்டி ஆழத்தில் உள்ள கெட்டியான மண் வரை தூண்கள் இறக்கி அதைக் கட்டியிருந்தார்கள்.

முந்தி வரும் சங்கு

பூகம்ப அலையைவிட ரேடியோ அலை எவ்வளவோ வேகமானது. இதை வைத்தே மெக்சிகோ நாட்டார் ஒரு யுக்தி செய்தார்கள். கடலோரத்தில் கருவிகளை நட்டு, 1991-ல் எச்சரிக்கை ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். கடலோரம் ஆடினால், அலை வந்து சேருமுன் தலைநகரில் சங்கு ஒலிக்கும். ஒரு நிமிடம் போலக் கிடைக்கும். வீட்டை விட்டு ஓடிவர அது போதும்.

2017-ல் அந்த நிமிடம் கிடைக்கவில்லை. பூகம்பம் நகரத்துக்கு வெகு அருகில், 120 கிலோமீட்டர் தூரத்தில் உண்டாயிற்று. சங்கு ஊதியபோதே தரையும் ஆடியது. 300-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அன்றும் செப்டம்பர் 19! பழைய பூகம்பத்தின் நினைவாக நடத்திய தற்காப்பு ஒத்திகை முடிந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

2022-ல் மறுபடியும் அதே தேதி. ஒத்திகை முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பவும் சங்கு ஒலித்தது. இந்த முறை பூகம்பம் கடலோரத்தில். அலை வந்து சேருவதற்குள் மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.