முதல் வேறு, லாபம் வேறு

ஒரு கடை நிலைபெறும் முன்பே மறு கிளைக்குக் கடன் தேடும் வணிக நண்பர்கள் வெப்வேன் கதையை அறிந்துகொள்வது நல்லது.

இணையத்தில் ஆர்டர் பெற்று மளிகையை வீட்டுக்கே அனுப்பிய அமெரிக்க நிறுவனம் இது. 1999 ஜூனில் கலிபோர்னியாவில் விற்பனை தொடங்கியது. அடுத்த மாதமே 26 பெரிய கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. நவம்பரில் பங்கு ஒன்று 15 டாலர் வீதம் விற்று 37.5 கோடி டாலர் திரட்டியது.

எந்திரக் கிடங்குகளின் செலவைத் தாங்கும் அளவுக்கு ஆர்டர் வரவில்லை. மளிகையில் லாபம் சொற்பம் என்பது நமக்குத் தெரியாததா? பங்கு சில சென்டுகளுக்கு இறங்கியது. 2001 ஜூலையில் கதவை மூடியது. சுமார் 2,000 பேர் வேலையிழந்தனர்.

பங்கு விற்ற பணம் முதல், லாபமல்ல. கடன் பணமும் அப்படியே. முதல் கடை தன் செலவைத் தானே தாங்கட்டும். பிறகு அகலக் கால் வைப்போம்.