கடிகார லென்ஸும் கள்ளிப்பூச்சியும்

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் 31 வருடமாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறேன். கண்ணில் செருகும் லென்ஸ்தான் என் தொழிலுக்கு ஆதாரம். அதை மொட்டை மாடிக்கு எடுத்துப் போக வைத்தது ஒரு எச்சவேரியா. இலைகளே ரோஜாப்பூ போல அடுக்கியிருக்கும் சக்குலன்ட் அது. மகள் வாங்கி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"அப்பா, இலை இடுக்குல பஞ்சு ஒட்டியிருக்கு. உங்க இடுக்கிய வச்சு எடுத்து விடுங்களேன்" என்றாள்.

லென்ஸை மாட்டிக் குனிந்தேன். பஞ்சின் ஓரத்தில் ஏதோ நகர்ந்தது. நீள்வட்ட உடம்பு, மேலே மைதா தூவியது போல் மெழுகு, ஓரம் முழுக்க மெல்லிய வெள்ளை இழைகள். மாவுப்பூச்சி! பஞ்சு என்று நினைத்தது அதன் முட்டைப் பை. ஒரு பையில் சில நூறு முட்டைகள் இருக்கும்.

கற்றாழை, கள்ளி, ஜேட், அடினியம் எல்லாம் இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சக்குலன்ட் செடிகள். தண்ணீர் அதிகம் கேட்காது என்றுதான் வாங்குகிறோம். ஆனால் வாரம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றுகிறவர் செடியைப் பார்ப்பதும் வாரம் ஒரு தடவைதான். அதற்குள் அடி இலைகளில் பூச்சி குடும்பம் பெருக்கிவிடும்.

என்ன பூச்சி என்று பார்க்காமல் மருந்து அடிப்பது, மூடியைத் திறக்காமலே கடிகாரத்துக்கு எண்ணெய் விடுவது மாதிரி. எச்சவேரியாவில் மாவுப்பூச்சியைக் கண்டதும், மற்றத் தொட்டிகளைப் பார்க்காமலே நான் அதைத்தான் செய்தேன். வேப்பெண்ணெய் கைகண்ட மருந்து என்ற நம்பிக்கையில், பகல் பதினோரு மணிக்கு, அளவு பார்க்காமல் கலந்து எல்லாத் தொட்டிக்கும் அடித்தேன். மறுநாள் எச்சவேரியாவின் இலைகளில் பழுப்புத் தழும்புகள். அதன் மேலிருந்த நீலச் சாம்பல் பூச்சும் போய்விட்டது. அந்தப் பூச்சு வெயிலிலிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ளும் மெழுகு. ஒரு முறை அழிந்தால் அந்த இலையில் திரும்ப வராது.

இப்போது நான் செய்வது வேறு. கடையில் பாகங்கள் துடைக்க வைத்திருக்கும் 70 சதவீத ஐசோபிரைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, பூச்சியின் மேல் மட்டும் தொடுகிறேன். மெழுகு கரைந்து பூச்சி சாகும். புதிய செடி என்றால் முதலில் ஒரே ஒரு இலையில் தொட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பேன். ஒரு தடவையோடு விட்டால் பயனில்லை. பைக்குள் தப்பிய முட்டைகள் பொரித்து, மெழுகு பூசாத மஞ்சள் குஞ்சுகள் ஊர்ந்து கிளம்பும். அதனால் ஏழு நாளுக்கு ஒரு முறை, நான்கு வாரம். வேப்பெண்ணெயை விட்டுவிடவில்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 5 மில்லி எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். சாம்பல் பூச்சு இல்லாத செடிகளுக்கு மட்டும், பொழுது சாய்ந்த பிறகு. அடுத்த இரண்டு மூன்று நாள் நிழல்.

என்னை அதிகம் ஏமாற்றியது ஹாவோர்த்தியா என்ற சக்குலன்ட். இலையில் ஒரு பூச்சியும் இல்லை, ஆனாலும் சுருங்கிக்கொண்டே வந்தது. தாகம் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன், இன்னும் வாடியது. தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மண்கட்டியின் ஓரமெங்கும் சுண்ணாம்பு தடவியது போல் வெள்ளை. வேரிலேயே குடியிருக்கும் மாவுப்பூச்சி. பழைய மண்ணை மொத்தமாகக் கொட்டி, வேரைக் கழுவி, கெட்டதை நறுக்கி, ஐந்து நாள் நிழலில் காயவிட்டேன். தொட்டியை வெந்நீரில் கழுவி, புது மணல் கலவையில் நட்டேன். பிழைத்துக்கொண்டது. இப்போது எந்தச் செடி வாங்கினாலும் வேரைப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் தனியாக வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறேன்.

மாவுப்பூச்சி தவிர வேறு பூச்சிகளும் வரும். செதில் பூச்சி தண்டில் பழுப்புப் பொட்டு போல அசையாமல் ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் கழன்று வந்தால் பூச்சி. வராவிட்டால் செடியின் தழும்பு. சிலந்திப்பேன் வறண்ட வெக்கையில் வரும். கிளையை வெள்ளைத் தாள் மேல் தட்டுங்கள். விழுந்த தூசு நடந்தால் அதுதான். அடினியம் இலையில் ஊசி குத்தியது போல் வெளிர் புள்ளிகளும் நூலாம்படையும் தெரியும். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி குறையும்.

தொட்டியில் எறும்பு ஏறினால் அலட்சியம் வேண்டாம். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் அது வருகிறது; பூச்சியைத் தின்ன வரும் எதிரிகளையும் விரட்டிவிடும். பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது போல, ஒரு தட்டில் நீர் ஊற்றி, நடுவே கல் வைத்து, தொட்டியை அதன்மேல் வைக்கிறேன்.

மாவுப்பூச்சியைக் கள்ளிப்பூச்சி என்றும் விவசாயிகள் சொல்வதுண்டு. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சாக அப்பிக்கொள்ளும் பூச்சி, மாவுப்பூச்சிக்கு உறவுதான். நசுக்கினால் ரத்தச் சிவப்பு சாயம் வரும். காடாக மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1926-இல் அந்தச் சாயப் பூச்சியின் ஓர் இனத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். சில வருடங்களில் தென்னாட்டில் கள்ளிப் புதர்கள் பெருமளவு மடிந்து நிலம் வெளிப்பட்டது. தொட்டியில் நான் அஞ்சும் அதே மாதிரிப் பஞ்சு ஒரு காலத்தில் உழவருக்குக் கைகொடுத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு.

போன வாரம் அடினியத்தில் வழக்கத்தைவிடப் பெரிய, உடம்பெல்லாம் வெள்ளை இழைகள் தொங்கும் ஒன்றைப் பார்த்தேன். ஆல்கஹால் குச்சி கையில் தயாராக இருந்தது. ஆனால் அது மாவுப்பூச்சியைப் போல் மந்தமாக இல்லை, விறுவிறுவென்று நடந்தது. லென்ஸில் பார்த்தால், ஒரு மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பொறிவண்டு இனம் ஒன்றின் புழு அது. வளர்ந்தால் கறுப்பு உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாக இருக்கும். குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் தொட்டிக்கு மட்டும் இந்த வாரம் மருந்து கிடையாது.