ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் ஆகாது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசர் தன் போனில் நான்கு பேருக்கு ஜெனரல் டிக்கெட் போடுகிறார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். நான்கு டெய்லர்களும் அதை நம்பி தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார்கள். பணம் கட்டியாகிவிட்டது, ரயில்வேக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் வழியில் டிடிஇ கேட்டால் அந்த நால்வரும் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள்தான்.

செயலியில் எடுக்கும் முன்பதிவில்லாத டிக்கெட் இரண்டு வகை. இதற்கான யுடிஎஸ் செயலி 2014-இல் வந்தது. (2025 ஜூலை 1 அன்று ரயில்ஒன் என்ற புதிய செயலியையும் ரயில்வே கொண்டுவந்தது.) ஒன்று, காகிதமில்லா டிக்கெட். எந்தப் போனில் எடுத்தோமோ அந்தப் போனில், அந்தச் செயலியைத் திறந்து காட்டினால்தான் செல்லும். படம் பிடித்து அனுப்பியது செல்லாது. போனில் சார்ஜ் தீர்ந்து காட்ட முடியாமல் போனாலும் கணக்கு அதுதான். இரண்டாவது, பதிவு செய்து பிறகு அச்சிட்டு எடுத்துக்கொள்ளும் காகித டிக்கெட். செயலியில் பணம் கட்டியதும் ஒரு புக்கிங் எண் வரும். அதை நிலையத்தில் உள்ள தானியங்கி டிக்கெட் எந்திரத்தில் கொடுத்து டிக்கெட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் முதல் வகையையே அழுத்துகிறார்கள். இது திருப்பூருக்குப் பொருந்தாத பழக்கம் என்று நினைக்கிறேன். இங்கே டிக்கெட் போடுபவர் ஒருவர், பயணம் போகிறவர் வேறொருவர். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத பீகார், ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்கள். காகிதமில்லா டிக்கெட் போனோடு கட்டிப்போடப்பட்டது, காகித டிக்கெட் அப்படியல்ல. சூப்பர்வைசர் அவிநாசி ரோட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து பதிவு செய்யலாம். போகிறவர் நிலையத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். அவர் கையில் இருக்க வேண்டியவை இரண்டே எண்கள்: பதிவு செய்தவரின் மொபைல் எண், அப்புறம் அந்த புக்கிங் எண்.

எந்திரத்தின் திரையைத் தொட்டதும் முதலில் மொழி கேட்கும், தமிழும் உண்டு. டிக்கெட் அச்சிடுவதற்கான பொத்தானைத் தொட்டு, இரண்டு எண்களையும் அடித்தால் கீழே காகிதம் வரும். அதை எடுத்ததும் நகர்ந்துவிடக் கூடாது. புறப்படும் இடம், சேரும் இடம், தேதி, பெரியவர் எத்தனை பேர் என்பதை அங்கேயே நின்று படித்துப் பார்க்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

எந்திரத்தின் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் நிற்பார். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியராக இருக்கலாம், அதற்கென நியமிக்கப்பட்டவராக இருக்கலாம். அவருக்குரிய கமிஷனை ரயில்வே தருகிறது. டிக்கெட்டில் அச்சான தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட நாம் தர வேண்டியதில்லை. 'சில்லறை இல்லை' என்பதும் ஒரு வகையில் மேல்காசுதான்.

அச்சிடாமல் ரயில் ஏறினால், பதிவு செய்த குறுஞ்செய்தி போனில் இருந்தாலும் அது டிக்கெட் இல்லாப் பயணம்தான். எந்திரம் வேலை செய்யவில்லை என்றால் அதே எண்களோடு கவுண்டருக்குப் போங்கள். நேரமும் கவனிக்க வேண்டியது. 199 கிலோமீட்டர் வரையிலான டிக்கெட்டில், வாங்கிய 3 மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்கான அடுத்த ரயில் அதற்கும் பிந்தியதென்றால் அந்த ரயிலில், பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஈரோடு, சேலம், கோவை எல்லாம் இதில் அடக்கம். 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் 3 நாள் முன்னதாகவே எடுக்கலாம். பண்டிகைக்கு ஊர் போகிற வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இது பெரிய வசதி.

பயணம் ரத்தானால் காகித டிக்கெட்டை அச்சிடும் முன் செயலியிலேயே ரத்து செய்யலாம், அச்சிட்ட பிறகு கவுண்டரில். ஆளுக்கு 30 ரூபாய் பிடித்தம் போகும். ஈரோட்டுக்குப் பாசஞ்சர் டிக்கெட் எடுத்தவர் ரத்து செய்தால் ஒன்றும் மிஞ்சாது. காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்யவே முடியாது.

பலர் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் ரயிலின் வகை. திரையில் ஆர்டினரி, மெயில்/எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் என்று மூன்று இருக்கும். தன்பாத் வண்டி (13352) மெயில்/எக்ஸ்பிரஸ். கோவை எக்ஸ்பிரஸும் (12676) சேரனும் (12674) சூப்பர்ஃபாஸ்ட். இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய் கூடுதல். எண் 12 அல்லது 22 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட் என்று வைத்துக்கொள்ளலாம். பாசஞ்சர் டிக்கெட்டோடு அதில் ஏறி, பரிசோதனையில் மாட்டுபவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. குறைந்த தொகை காட்டிய பொத்தானை அழுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

யுபிஐயில் பணம் போய், டிக்கெட் வரவில்லை என்றால்? உடனே கவுண்டர் மேற்பார்வையாளரிடம் சொல்லி, பரிவர்த்தனை எண்ணைக் காட்டுங்கள். பணம் ரயில்வேக்குப் போய்ச் சேர்ந்ததற்கான உறுதி கிடைக்காத பரிவர்த்தனை என்றால், 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வங்கியில் இந்த இழப்பீட்டைக் கேட்டு வாங்குபவர்கள் அபூர்வம்.

ரயில் வந்துவிட்டது, எந்திரமும் மக்கர் செய்கிறது என்ற நிலையிலும் ஒரு வழி உண்டு. ரயில்வே சட்டம் 1989-இன் 55-ஆவது பிரிவு, ஏறுவதற்கு முன்பே அதற்கு அதிகாரம் உள்ள ரயில்வே ஊழியரிடம் சொல்லி, பிறகு கட்டணம் செலுத்துகிறேன் என்ற நிபந்தனையில் அனுமதியும் அதற்கான சான்றும் பெற இடம் தருகிறது. சொல்லாமல் ஏறி மாட்டினால் 138-ஆவது பிரிவு: பயணக் கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. எங்கே ஏறினீர்கள் என்பதில் சந்தேகம் வந்தால் ரயில் புறப்பட்ட நிலையத்திலிருந்தே கட்டணம் கணக்கிடலாம். தன்பாத் வண்டியில் திருப்பூரில் ஏறியவருக்கு, அது புறப்படும் ஆலப்புழையிலிருந்து கட்டணம் விழும் விதம் இதுதான். ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று கருதினால் 137-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். எதைக் கட்டினாலும் ரசீது கேளுங்கள். தகராறு என்றால் 139-ஐ அழையுங்கள்.

பெண் தொழிலாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ டிக்கெட் இல்லை என்று நடுராத்திரியில் ஏதோ ஒரு சின்ன நிலையத்தில் இறக்கிவிடக் கூடாது. பகலில் மட்டுமே இறக்கலாம். அதுவும் அவர் ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர நிலையம் இவற்றில்தான். இது 139-ஆவது பிரிவு. உதவி எண்ணும் 139 என்பதால் நினைவில் வைப்பது எளிது.

ரிசர்வேஷன் டிக்கெட் கதை வேறு. பிரிட்டனில் ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டை எண் அடித்து நிலைய எந்திரத்தில் வாங்கும் வழக்கம் உண்டு. இங்கே ஐஆர்சிடிசி இ-டிக்கெட்டுக்கு அது தேவையில்லை, குறுஞ்செய்தியும் அசல் அடையாள அட்டையும் போதும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மொபைல் கடைக்காரர் தன் சொந்தக் கணக்கில் டிக்கெட் போட்டு லாபத்துக்கு விற்றால் அது 143-ஆவது பிரிவுப்படி குற்றம். ரயில்வே பாதுகாப்புப் படை பிடித்து அந்த டிக்கெட் முடக்கப்பட்டால், அவர் ஜாமீனில் வந்துவிடுவார், நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பீர்கள். வெயிட்டிங் லிஸ்ட் இ-டிக்கெட் சார்ட் தயாரானதும் தானாக ரத்தாகும். பணமும் போட்டவர் கணக்குக்கே திரும்பும். கடைக்காரர் 'இன்னும் வரல தம்பி' என்று சொன்னால் உங்களிடம் ஆதாரம் இருக்காது.

அங்கீகாரம் பெற்ற ஏஜென்டிடம் போனால் இதற்குத் தடுப்பு உண்டு. 2019 அக்டோபர் முதல், ஏஜென்ட் வழி எடுத்த டிக்கெட் ரத்தானால் பயணியின் போனுக்கு ஓடிபியும் திருப்பித் தர வேண்டிய தொகையும் வரும். பணம் கைக்கு வந்த பிறகே அந்த ஓடிபியைச் சொல்ல வேண்டும். ஏஜென்ட் தன் எண்ணையே போட்டுவிட்டால் ஓடிபி அவருக்கே போய்விடும். ஆகவே டிக்கெட் போடும்போதே திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, மொபைல் எண் என்ற கட்டத்தில் உங்கள் பத்து இலக்கமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.